இரத்தக் குழாய் ஓரத்தில் ஒரு பிறை

அவருக்குக் 'கூலிங்' என்று பட்டப்பெயர் வைத்தது யார் என்று இன்று யாருக்கும் நினைவில்லை. ஏசியும் ஃபிரிட்ஜும் பழுது பார்க்கிறவர் என்பதால் வந்த பெயர். ஆனால் ஒரு முறையாவது அவரிடம் வேலை கொடுத்தவர்கள் அந்தப் பெயரைக் கேட்டால் சிரித்துவிடுவார்கள். "பேருதான் கூலிங். ஆளு காய்ஞ்ச எண்ணெய். ஒரு சொட்டுத் தண்ணி பட்டாப் போதும், மூஞ்சியில தெறிக்கும்" என்று அவர் மனைவியே சொல்வாள், அவர் காதில் விழும்படியாக.

அவருடைய கோபமெல்லாம் ஒரே வகை மனிதர்கள் மேல்தான். இயந்திரம் முனகத் தொடங்கும்போது சும்மா இருந்துவிட்டு, அது மூச்சை விட்ட பிறகு போன் செய்கிறவர்கள். அவர்கள் வீட்டு வாசலில் கருவிப் பையை இறக்கி வைத்ததும் தொடங்குவார். "ஒரு மெஷின் ஒரே நாள்ல சாகாதுங்க. ஒரு மாசமா சொல்லிக்கிட்டே இருந்திருக்கும். காது கொடுத்துக் கேக்க வீட்ல ஆள் இல்ல, அதான் செத்துப் போச்சு." வீட்டுக்காரர்கள் முழிப்பார்கள். குழந்தைகள் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும். ஆனாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் ஒட்டிய செம்புக் குழாய் திரும்பக் கசிந்ததாக யாரும் சொன்னதில்லை.

பத்தொன்பது வயதில் ஓர் ஐஸ் ஆலையில் மூட்டை தூக்கப் போனவர், அங்கிருந்த கம்ப்ரஸர் எப்படி மூச்சு விடுகிறது என்று பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றார். இரண்டு தெருக்கள் முட்டிக்கொள்ளும் மூலையில், ஒரு கதவு அகலத்தில் கடை. உள்ளே கேஸ் உருளைகள், கழற்றிப் போட்ட மோட்டார்கள், ஒரு முக்காலி, ஒரு தொலைபேசி. அந்த முக்காலியும் தொலைபேசியும் மனைவியின் ஆட்சிக்குட்பட்டவை. இருபத்தெட்டு வருஷமாக அவள்தான் போன் எடுக்கிறாள். நீளமான நோட்டு ஒன்று வைத்திருப்பாள். தேதி போட்டு, கீழே வீடும் நோயும் எழுதுவாள். "மஞ்சள் கேட் வீடு. மாடி அறை. தண்ணி ஒழுகுது." "டீச்சர் வீடு. சத்தம் மட்டும்." "நாய் இருக்கும் வீடு. குளிரவே இல்லை. நாயைக் கட்டச் சொல்லியாச்சு."

இப்படிப்பட்ட மனிதர் ஐம்பத்தேழு வயதில், தன்னுடைய வாடிக்கையாளர்கள் செய்கிற அதே தப்பைச் செய்தார். அதுதான் இந்தக் கதை.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஓர் உறவினருக்கு இரத்தம் கொடுக்கப் போன இடத்தில், அவருடைய இரத்தத்தில் மஞ்சள் காமாலைக் கிருமி குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். தினமும் ஒரு மாத்திரை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை வயிற்றில் ஸ்கேன். கல்லீரல் ஏற்கெனவே கொஞ்சம் தழும்பேறிவிட்டது, அதில் ஏதாவது புதிதாக முளைக்கிறதா என்று பார்க்கத்தான் ஸ்கேன். அவ்வளவுதான் வைத்தியம். மாத்திரையை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. ஆனால் ஸ்கேன் தேதிகளில் ஒன்று குளிர்காலத்திலும் மற்றது கொளுத்தும் வெயில் காலத்திலும் வந்து விழுந்தது. வெயில் காலத்தில் ஏசி மெக்கானிக்குக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவா நேரம் இருக்கும்? ஊரே ஒரே சமயத்தில் போன் செய்யும். "சீசன் முடியட்டும்" என்பார். சீசன் முடிந்தால் அடுத்த தேதி பக்கத்தில் வந்திருக்கும். "இன்னும் ரெண்டு மாசம்தானே, ஒண்ணாப் பாத்துக்கலாம்." கடைசியில் ஒரு குளிர்காலத் தேதியும் கை நழுவியது. மீன் சேமிக்கிற ஒரு குளிர்க் கிடங்கில் பெரிய வேலை வந்துவிட்டது. ஆக ஏறக்குறைய இரண்டு வருஷம் ஸ்கேனே இல்லை.

சாப்பாடு இறங்காமல், இடுப்புப் பட்டையில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டி வந்தபோது மனைவி அவரை இழுத்துக்கொண்டு போனாள். ஸ்கேன் எடுத்தவர் ஒரே இடத்தில் கருவியை வைத்து அழுத்தி அழுத்திப் பார்த்தார். பிறகு பெரிய ஸ்கேன். பிறகு ஒரு பெயர். கல்லீரல் புற்றுநோய். ஒரே ஒரு கட்டி, இரண்டு புள்ளி ஒன்பது சென்டிமீட்டர்.

"ஆறு மாசம் முன்னாடி வந்திருந்தா பட்டாணி சைஸ்ல பிடிச்சிருக்கலாம்" என்றார் கல்லீரல் மருத்துவர். திட்டவில்லை. அதுதான் கூலிங்குக்குத் தாங்க முடியவில்லை. அவராக இருந்தால் திட்டியிருப்பார்.

 வீடு திரும்பும் பேருந்தில் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே வந்த மனைவி, இறங்குவதற்கு ஒரு நிறுத்தம் முன்னால் மட்டும் சொன்னாள்.

"ஒரு மெஷின் ஒரே நாள்ல சாகாது. இல்ல?"

 அவர் எழுந்து படிக்கட்டுப் பக்கம் போய் நின்றுகொண்டார்.

வெட்டி எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். இரத்தம் உறைவதற்கு வேண்டிய அணுக்கள் குறைவாக இருந்தன. தழும்பேறிய கல்லீரலை வெட்டினால் மிச்சம் தாங்குமா என்பதும் சந்தேகம். மிச்சமிருந்த வழி ஊசி. விலா எலும்புக்கு இடையே ஒரு நீண்ட ஊசியைச் செலுத்தி, அதன் முனையைக் கட்டிக்குள் நிறுத்தி, மின்சாரத்தால் சூடாக்கிக் கட்டியை உள்ளேயே வேக வைத்துவிடுவது. அதைச் செய்கிற மருத்துவர் ஒரு பெண். குள்ளமானவர், வேகமாக நடப்பவர், பேசும்போது காகிதத்தில் கிறுக்குபவர். ஒரு வட்டம் போட்டார். பக்கத்தில் தடிமனாக ஒரு கோடு.

"இது கட்டி. மூணு சென்டிமீட்டருக்குள்ள இருந்தா நல்லா வேகும். மேல போகப் போக முழுசா வேகுற வாய்ப்பு குறையும். சுத்தி அரை சென்டிமீட்டராவது நல்ல சதையையும் சேர்த்துச் சுடணும். ஓரத்தை விட்டுட்டா அங்க ஒளிஞ்சிருக்கிறது மறுபடி தலை தூக்கும்."

"இந்தக் கோடு?"

"பெரிய இரத்தக் குழாய். கட்டிக்குப் பக்கத்துலயே ஓடுது."

கூலிங் அந்தக் கோட்டையே பார்த்தார். செம்புக் குழாயை ஒட்டும்போது பக்கத்திலிருக்கிற வால்வு சூட்டில் கெட்டுவிடக் கூடாது என்று ஈரத் துணியைச் சுற்றுவார்கள். எவ்வளவு நெருப்பைக் காட்டினாலும் ஈரத் துணி சுற்றிய இடம் சூடாகாது. தண்ணீர் சூட்டைக் குடித்துவிடும்.

"அந்தப் பக்கம் சூடு தங்காதே, டாக்டர்? இரத்தம் ஓடிக்கிட்டே இருக்குமே. ஈரத்துணி சுத்தின மாதிரி."

மருத்துவர் பேனாவை நிறுத்தினார். "இதை நான் சொல்லிப் புரிய வைக்க அரை மணி நேரம் ஆகும். உங்களுக்கு யார் சொன்னது?"

"நாப்பது வருஷமா அதைத்தான் பண்றேன்."

"அதனாலதான் நூத்துக்கு நூறுன்னு நான் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சாதகமாவும் இருக்கு. கட்டி ஒண்ணுதான். கல்லீரல் இன்னும் ஓரளவு வேலை செய்யுது. வயித்துல நீர் இல்ல. பாதகம் ரெண்டு. அளவு எல்லைக்கோட்டுல நிக்குது. இடம் சரியில்ல."

"அப்ப சீக்கிரம் பண்ணுங்க."

"சீக்கிரம்தான்" என்றார் அவர்.

சீக்கிரம் ஏழு வாரமானது. முதலில் இரத்த அணுக்கள் ஏறவில்லை. ஏறியபோது ஊசி கையிருப்பில் இல்லை. ஊசி வந்தபோது மயக்க மருந்து கொடுப்பவர் விடுப்பில் இருந்தார். ஒவ்வொரு தடவையும் காத்திருப்புக் கூடத்தில் டோக்கனோடு உட்கார்ந்திருப்பார். அந்தக் கூடத்தின் ஏசி ஒரு வாளிக்குள் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட். சொட். வாளி நிறைந்ததும் ஒரு பெண் எடுத்துக் கொட்டிவிட்டு மறுபடி அதே இடத்தில் வைப்பாள்.

"தண்ணி போற குழாய்க்குச் சரிவே இல்ல" என்று மனைவியிடம் பொருமுவார். "ஒரு கட்டையை முட்டுக் கொடுத்தா முடிஞ்சது. ஒரு கட்டை! இதுக்கு ஒரு வாளி, ஒரு ஆள், தினம் ரெண்டு தடவை."

"நீங்க நோயாளியா வந்திருக்கீங்களா, மெக்கானிக்கா வந்திருக்கீங்களா?"

"இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கிட்டு இங்க உக்காந்தா ரெண்டும் செத்துடும்."

வெளியே சொந்தக்காரர்கள் வேறு. மனைவியின் தம்பி பழங்களோடு வந்தான். உட்கார்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."

"எதைக் குறைச்சிருக்கலாம்?"

"அதான்..." என்று கட்டைவிரலை வாய்ப் பக்கம் காட்டினான்.

"டேய், நான் சோடா குடிச்சுக்கூட நீ பாத்ததில்ல!"

"கல்லீரல்னா அதுதானே மச்சான் காரணம்?"

"உன் தலைக்குள்ள இருக்கிற பஞ்சுக்கு என்னடா காரணம்? அதுக்கும் குடியா?"

மச்சினன் பழப் பையைக்கூட மறந்துவிட்டு எழுந்து போனான். மனைவி பழங்களைக் கழுவி வைத்தாள். ஒரே மாதத்தில் இதே கட்டைவிரல் சைகையைக் காட்டிய நாலாவது ஆள் அவன்.

ஏழாவது வாரம் ஊசி போட்டபோது கட்டி மூன்று புள்ளி இரண்டு. வயிற்றில் வைத்துப் பார்க்கிற சாதாரண ஸ்கேன் கருவியின் உதவியோடு செய்தார்கள். அரை மயக்கத்தில் "மூச்சைப் பிடிங்க" என்றால் பிடித்தார், "விடுங்க" என்றால் விட்டார். குழாய் ஒட்டும்போது புகை ஏறாமல் இருக்க மூச்சைப் பிடித்துப் பழகிய உடம்பு. "இந்த மாதிரி மூச்சுப் பிடிக்கிற ஆளை நான் பாத்ததில்ல" என்றார் மருத்துவர். அந்தப் பாராட்டை ஒரு மாதம் வரைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒரு மாதம் கழித்துப் பெரிய ஸ்கேன். திரையில் கட்டி இருந்த இடம் கறுப்பாகக் கிடந்தது. வெந்துபோன இடம் அப்படித்தான் தெரியும். ஆனால் குழாய்ப் பக்கம், கறுப்பின் விளிம்பில், மெல்லிய வெள்ளைப் பிறை ஒன்று. அவரே பார்த்துவிட்டார். மருத்துவர் வாயைத் திறப்பதற்கு முன்னால் விரலை நீட்டினார்.

"ஈரத்துணி."

"ஆமா" என்றார் மருத்துவர். "எட்டு மில்லிமீட்டர். உயிரோட இருக்கு."

"நான் அன்னைக்கே சொன்னேன்."

"சொன்னீங்க. எனக்கும் தெரிஞ்சுதான் செஞ்சேன். அந்தப் பக்கம் இன்னும் கொஞ்ச நேரம் வச்சிருக்கலாம். பித்தக் குழாய் கிட்ட இருந்ததால பயந்து எடுத்தேன்." மழுப்பவில்லை. "மறுபடி செய்யலாம். இந்தத் தடவை பெரிய ஸ்கேன் மெஷின்லயே படுக்க வச்சு. சுட்ட இடத்துக்குப் பக்கத்துல இருக்கிற மிச்சம் சின்னக் கருவியில சரியாத் தெரியாது. முழு மயக்கம். குழாயை ஒட்டி ரெண்டு கோணத்துல ஊசி, அதிக நேரம். ஆனா தள்ளிப் போடக் கூடாது. இந்தப் பிறை வளந்து குழாய்க்குள்ள நுழைஞ்சுட்டா அப்புறம் ஊசிக்கு வேலையே இல்ல."

"நுழைய எத்தனை நாள் ஆகும்?"

"தெரியாது. தெரிஞ்சா நான் இப்படிப் பேச மாட்டேன்."

பெரிய ஸ்கேன் மெஷினை ஊசி வேலைக்குச் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கொடுப்பார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு செவ்வாய் கிடைத்தது.

அந்தச் செவ்வாய்க்கிழமை, முந்தின நாள் இரவிலிருந்து பச்சைத் தண்ணீர்கூட குடிக்காமல், புறங்கையில் மருந்து ஏற்றும் குழாய் குத்தப்பட்டு, முதுகுப் பக்கம் முடிச்சுப் போட்ட ஆஸ்பத்திரி அங்கியோடு ஸ்கேன் அறை வாசலில் உட்கார்ந்திருந்தார். மனைவி அவருடைய சட்டையை மடித்து மடியில் வைத்திருந்தாள். எட்டரை மணிக்கு ஸ்கேன் எடுப்பவர் வெளியே வந்தார்.

"இன்னைக்கு இல்லைங்க."

"என்ன இல்ல?"

"ரூம்ல ஏசி ஃபெயில். உள்ள முப்பது டிகிரி. சூடு தாங்காம மெஷின் தானாவே நின்னுடுச்சு. கம்பெனிக்குச் சொல்லியாச்சு, நாளைக்கு மத்தியானம் ஆள் வருவாங்க."

"நாளைக்குப் புதன்கிழமை."

"ஆமா. அடுத்த செவ்வாய் ஃபுல். அதுக்கடுத்ததும் ஃபுல். மூணு வாரம் கழிச்சு ஒண்ணு இருக்கு, எழுதிடட்டுமா?"

கூலிங் சிரித்தார். நல்ல சிரிப்பு இல்லை. நாற்பது வருஷமாக ஊராரின் ஏசியைக் கட்டி மேய்த்தவனுக்கு ஏசியாலேயே கெடு வந்ததே என்ற சிரிப்பு.

"ஏசி என்ன பண்ணுது? அடியோட ஓடலையா, ஓடி ஓடி நிக்குதா?"

"பத்து நிமிஷம் ஓடுது. நிக்குது. யாராவது போய் பட்டனை அமுக்கினா மறுபடி ஓடுது."

"வெளி யூனிட் எங்க?"

"அதெல்லாம் பின்னாடி... ஐயா, எங்க போறீங்க? ஐயா!"

அங்கியின் முதுகு முடிச்சை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, ஊசி குத்திய கையை மார்போடு அணைத்தபடி நடையைக் கட்டினார். மனைவி சட்டையோடு பின்னால் ஓடினாள். கட்டடத்தின் பின்புறம் துணி வெளுக்கும் பகுதி. சுவரிலிருந்து ஒரு தடித்த குழாய் வெளியே நீட்டி வெந்நீராவியும் பஞ்சும் கக்கிக்கொண்டிருந்தது. அதற்கு நேர் கீழே ஸ்கேன் அறையின் வெளி யூனிட். ஆஸ்பத்திரிப் போர்வைகளெல்லாம் நூல் நூலாகப் பிரிந்து வந்து, அந்த யூனிட்டின் மேல் மறுபடி ஒரு போர்வையாகப் படிந்திருந்தன. சூட்டை வெளியே விடுகிற தகடுகளின் இடுக்கு ஒன்றுகூடத் தெரியவில்லை.

"மூச்சு முட்டுது, பாவம்" என்றார். அவர் வாயிலிருந்து 'பாவம்' என்ற சொல் வந்து பல மாதங்களாகியிருந்தன. "சூடு வெளிய போக வழியில்ல. பதினஞ்சு நிமிஷ வேலை."

கட்டடப் பராமரிப்பைப் பார்க்கிற மேற்பார்வையாளர் இடுப்பில் சாவிக் கொத்து குலுங்க ஓடி வந்தார்.

"சார், சார்! நீங்க பேஷண்ட். கையில ஊசியோட இங்க நிக்கக் கூடாது."

"இதுக்கு மேல துணிக் குழாயைத் திருப்பி விட்ட புண்ணியவான் யாரு?"

"அது வேற டிபார்ட்மெண்ட்."

"பஞ்சுக்குத் தெரியுமா அது வேற டிபார்ட்மெண்ட்னு? ஒரு பிரஷ்ஷும் தண்ணிக் குழாயும் குடுங்க."

"தொடக் கூடாது சார். கம்பெனி ஆள்தான் தொடணும். வேற யாராவது தொட்டா ஒப்பந்தமே போயிடும். எனக்கு வேலை போயிடும்."

"எனக்கு என்ன போகும்னு தெரியுமா உங்களுக்கு?" என்று கூலிங் கத்தினார்.  மேற்பார்வையாளர் அவருடைய அங்கியைப் பார்த்தார், புறங்கையைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

மனைவி சட்டையைக் கணவரின் தோளில் போட்டாள்.

"அவர் தொட மாட்டார். நான் தொட்டா?"

"அம்மா, நீங்க யாரு?"

"இவர் கடையில இருபத்தெட்டு வருஷமா போன் எடுக்கிறவ. அதோ அந்தச் செடிக்கெல்லாம் தண்ணி விடுறீங்களே, அதுக்கு எந்தக் கம்பெனியோட ஒப்பந்தம்?"

சுவரோரம் நாலைந்து தொட்டிச் செடிகள் வாடிப்போய் நின்றன. பக்கத்தில் சுருட்டி வைத்த ரப்பர் குழாய். மேற்பார்வையாளர் அந்தக் குழாயைப் பார்த்தார். காலையிலிருந்து பதினான்கு நோயாளிகளின் சொந்தக்காரர்களிடமும் மேலதிகாரியிடமும் அவர் வாங்கிய பேச்சு முகத்தில் தெரிந்தது.

"மெயினை நான் அணைக்கிறேன்" என்றார் கடைசியில். "அது என் வேலை. செடிக்குத் தண்ணி விடுறது யார் வேலைன்னு எனக்குத் தெரியாது." சுவிட்சை இறக்கிவிட்டு, கைத் துடைப்பம் ஒன்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, முதுகைக் காட்டி நின்றுகொண்டார்.

அதன் பிறகு அங்கே நடந்ததை வெளுப்புப் பகுதியில் வேலை செய்கிறவர்கள் ஜன்னலில் வரிசையாக நின்று பார்த்தார்கள். வெளியே போகும்போது மட்டும் போடுகிற புதுச் செருப்போடு அந்த அம்மாள் பஞ்சை உரிக்க, அங்கி போட்ட ஒரு நோயாளி ஒரு கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூத்தாடினார்.

"முதல்ல உரி! தண்ணி அப்புறம்! ஈரமாச்சுன்னா களியா ஒட்டிக்கும்!"

"உரிச்சுக்கிட்டுத்தானே இருக்கேன்!"

"தகட்டை வளைக்காத! மேலேருந்து கீழ இழு. குறுக்கால இழுக்காத. இப்ப தண்ணி. உள்ளேருந்து வெளியே அடி. வெளியேருந்து அடிச்சா மிச்சப் பஞ்சு உள்ள போய் உக்காந்துக்கும்."

"குழாயை எப்படிங்க உள்ள விடுறது?"

"மேல் வலை வழியா! இருபத்தெட்டு வருஷமா என்னத்தப் பாத்த?"

"போனைப் பாத்தேன்!"

ஜன்னலில் யாரோ சிரித்தார்கள். அழுக்குத் தண்ணீர் சாம்பல் நிறத்தில் ஓடி அவள் காலை நனைத்தது.

"இடது பக்கம்! ஓரத்தை விட்டுட்ட பாரு! ஓரம், ஓரம்! ஓரத்துல மிச்சம் வச்சா அங்கேருந்துதான் மறுபடி புடிக்கும்!"

மனைவி துடைப்பத்தை நிறுத்தித் திரும்பினாள். நெற்றியில் பஞ்சு ஒட்டியிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவள் குனிந்து, இடது ஓரத்தை மேலிருந்து கீழ்வரை, விரல் நகத்தால் சுரண்டிச் சுரண்டி எடுத்தாள்.

மேற்பார்வையாளர் மெயினைப் போட்டார். யூனிட் ஒரு முறை குலுங்கி, சுற்றி, சீராக முனகத் தொடங்கியது. கூலிங் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பத்து நிமிஷம். பதினைந்து. நிற்கவில்லை.

ஸ்கேன் அறை வாசலில் மறுபடி உட்கார்ந்தார்கள். கதவுக் கண்ணாடி வழியே சுவரிலிருந்த எண் தெரிந்தது. இருபத்தொன்பது. ஒரு மணி நேரம் கழித்து இருபத்தாறு. தாகத்தில் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இருபத்துநாலு. கூடத்து ஏசி வாளிக்குள் சொட்டிக்கொண்டிருந்தது. இருபத்திரண்டு வந்தபோது மணி பன்னிரண்டரை. மெஷின் எழுந்து தன்னைத்தானே சரிபார்த்துக்கொள்ள இன்னும் அரை மணி நேரம் கேட்டது. அதற்குள் மயக்க மருந்து கொடுப்பவர் வேறு அறைக்குக் கிளம்பிவிடுவாரோ என்று கூலிங் கதவுக் கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தார். கிளம்பவில்லை. ஊசி மருத்துவர் போய் அவரைப் பிடித்து வைத்திருந்தார்.

"காலையில நீங்க பின்பக்கம் சுத்தினதா சொன்னாங்க" என்றார் மருத்துவர், அவரை மேசையில் படுக்க வைக்கும்போது.

"நான் எதையும் தொடல, டாக்டர்."

"தெரியும். உங்க வீட்டம்மா செருப்பைப் பாத்தேன்."

மயக்க மருந்து கையில் ஏறத் தொடங்கியது. குளிர்ச்சி முழங்கையைத் தாண்டியது. நல்ல கூலிங், என்று ஏதோ தோன்றியது. "டாக்டர், ஓரம்" என்றார்.

"ஓரம்தான்" என்றார் அவர்.

ஒரு மாதம் கழித்து மறுபடி அதே சின்ன அறை, அதே திரை. வருகிற வழியில் அவர் பின்பக்கம் போய்ப் பார்த்துவிட்டுத்தான் வந்தார். துணிக் குழாயை யாரும் திருப்பவில்லை. தகட்டின் மேல் மெல்லிதாக, பனி போல, பஞ்சு படியத் தொடங்கியிருந்தது. கூடத்தில் வாளியும் அங்கேயேதான் இருந்தது. அந்தக் கடுப்போடுதான் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மருத்துவர் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். கறுப்பு இடம் பெரிதாகியிருந்தது. பேனா முனையால் விளிம்பைச் சுற்றி வந்தார். குழாய்ப் பக்கம் வந்ததும் மெதுவாகப் போனார்.  பேனா குழாயைக் கடந்து மறுபக்கம் வந்து, தொடங்கிய இடத்தில் நின்றது.

"பிறை இல்ல."

"நல்லாப் பாருங்க."

"மூணு பேர் பாத்தாச்சு. இல்ல. முழுசா வெந்திருக்கு, ஓரத்தோட."

மனைவி முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். கூலிங் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அப்ப வேலை முடிஞ்சது."

"இந்த இடத்துல முடிஞ்சது. ஆனா கல்லீரல் அதே தழும்புக் கல்லீரல்தானே? வேற இடத்துல புதுசா வரலாம். நிறையப் பேருக்கு வருது. சின்னதா இருக்கும்போதே பிடிச்சா மறுபடி ஊசியே போதும். அதனால இனிமே மூணு மாசத்துக்கு ஒரு தடவை."

"முடிஞ்சதுன்னு ஒரு வார்த்தை சொல்லவே மாட்டீங்களா, டாக்டர்? ரெண்டு தடவை சுட்டிருக்கீங்களே."

"ஒரு ஏசியைச் சரி பண்ணிட்டு, இனிமே இது வாழ்நாளுக்கும் ஓடும்னு எழுதிக் கொடுப்பீங்களா?"

கூலிங் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். 

மூன்று மாதம் என்று எண்ணிப் பார்த்தால் நட்ட நடு வெயிலில் போய் நின்றது. அன்றைக்கு ஊர் முழுக்கப் போன் அடிக்கும். கடைக்குத் திரும்பியதும் அவர் அதைத்தான் முணுமுணுத்தார். "ஒரு பத்து நாள் தள்ளிக் கேட்டிருக்கலாம். அந்த வாரம் பாத்து..."

மனைவி முக்காலியில் உட்கார்ந்து நோட்டைப் பிரித்தாள். வெறும் பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போய், அந்தத் தேதியைப் போட்டு, கீழே எழுதினாள். எழுதி முடிப்பதற்குள் தொலைபேசி அடித்தது. மஞ்சள் கேட் வீடு. வெயிலுக்கு எல்லா ஏசியையும் ஒரு தடவை பார்த்துவிட வேண்டுமாம். அவசரமில்லையாம், சீசன் தொடங்கினதும் என்றைக்காவது வந்தால் போதுமாம்.

"இப்பவே வரோம்னு சொல்லு" என்று கூலிங் உள்ளேயிருந்து கத்தினார். "சாகுற வரைக்கும் காத்திருக்கணுமா?"

அவள் போனைக் கையால் மூடிக்கொண்டு, மறு கையால் நோட்டைத் திருப்பி அவர் பக்கம் தள்ளினாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார்.

"கூலிங் வீடு. சத்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் பார்க்கணும்."